யாரால்?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் காலை வேளையில் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? உட்கார இடம் கிடைத்தால் அது பூர்வ ஜன்மத்துப் புண்ணியம். கிடைக்காவிட்டால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பாரத தேசம் முழுவதையும் பார்த்துவிடலாம். தமிழ், தெலுங்கு, ஹிந்தி, ஒடியா, வங்காளி ஆகிய பாஷைகள் அத்தனையும் அந்த ஒரே பெட்டியில் ஒலிக்கின்றன. பேசுகிறவர்களெல்லாம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள். வாய்கள் பேசும் பாஷை பலவானாலும், அவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பேசுவது அநேகமாக ஆங்கிலம் ஒன்றுதான்.

சில நாட்களுக்கு முன் அந்த வண்டியில் எனக்கு இடம் கிடைத்தது. எதிரே இருந்த வாலிபரின் அட்டை காற்றில் புரண்டு தன் முதுகைக் காட்டியது. "இஃப் ஃபௌண்ட், ப்ளீஸ் ரிடர்ன் டு" என்று ஆரம்பித்துக் கீழே ஒரு விலாசம் அச்சிட்டிருந்தது. 'கண்டெடுக்கப்பட்டால், இவ்விடத்தில் சேர்ப்பிக்கவும்' என்று பொருள். நான் அதை உற்றுப் பார்ப்பதைக் கண்ட அந்த வாலிபர், "ஐயாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வருமா?" என்று கேட்டார். சுமாராக வரும் என்றேன். உடனே சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

அவருடன் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்கு அழுத்து இயந்திரத்தில் இரண்டு விரல்கள் போய்விட்டனவாம். நஷ்ட ஈடு கேட்டு எழுதியதற்கு வந்த பதில் அது. கடிதத்தின் நடுநாயகமாக விளங்கிய வாக்கியம் இது: "இஃப் த கார்டு ஹாட் பீன் ஃபிக்ஸ்டு, த இன்ஜுரி வுட் ஹாவ் பீன் அவாய்டெட்."

"காப்பு மூடி பொருத்தப்பட்டிருந்தால், காயம் தவிர்க்கப்பட்டிருக்கும்" என்று மொழிபெயர்த்தேன்.

"அது எங்களுக்கே தெரியுமே, ஐயா! மூடியை யார் பொருத்தியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களா?"

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அதைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை.

இவ்வகை வாக்கியத்தை நம் இலக்கணத்தார் செயப்பாட்டு வினை என்பர்; வடமொழி பயின்றவர்கள் கர்மணிப் பிரயோகம் என்பர். செய்தவன் ஆசனத்தை விட்டு இறங்கிவிடுகிறான். செயலுக்கு ஆளான பொருள் அதில் ஏறி அமர்ந்துகொள்கிறது. இதனுடன் 'இஃப்' என்னும் நிபந்தனையும் சேர்ந்துவிட்டால், அன்றாட ஆங்கிலத்தில் அது எங்கும் நுழைந்துவிடுகிறது.

இதில் தவறு ஒன்றும் இல்லாத இடங்கள் உண்டு. அடையாள அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்த அட்டையைக் கண்டெடுக்கப்போகிறவர் யார் என்பது பிரம்மதேவனுக்கே வெளிச்சம், தெரிந்தும் ஆவதொன்றில்லை. 'தண்ணீர் நன்றாகக் கொதிக்க வைக்கப்பட்டால் கிருமிகள் அழிக்கப்படும்' என்னும் பாடப்புத்தக வாக்கியமும் அப்படியே. அடுப்பு மூட்டுகிறவர் அத்தையானாலும் மாமியாரானாலும் கிருமி சாகத்தான் போகிறது.

வேறு சில இடங்களில் இது மரியாதையின் போர்வை. 'பாக்கியைக் கட்டு' என்று எழுதக் கூச்சப்படும் கம்பெனி, 'பாக்கி செலுத்தப்படுமானால் பெரிதும் பாராட்டப்படும்' என்று எழுதுகிறது. செலுத்த வேண்டியவர் இன்னார் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆகவே மோசமில்லை.

சங்கடம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. வேலை நியமன உத்தரவுகளில், 'தேவைப்பட்டால் தாங்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்படலாம்' என்று ஒரு வரி இருக்கும். யாருக்குத் தேவைப்பட்டால்? மாற்றுகிறவர் யார்? சொல்லப்படுவதில்லை. நடந்து முடிந்த விபரீதத்தைப் பற்றிப் பேசும்போதோ, 'செய்யப்பட்டிருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கும்' என்ற வாக்கியம் அனுதாபம் போலவே தொனிக்கும். ஆனால் பொறுப்பாளி பின்பக்கக் கதவு வழியாக வெளியேறியிருப்பார்.

ஆங்கிலத்துக்கு இந்த வேஷம் ஏன் வேண்டியிருக்கிறது தெரியுமா? அந்தப் பாஷையில் 'இஃப்' என்று தொடங்கினால் அதன் பின் பெரும்பாலும் ஓர் எழுவாய் வர வேண்டியிருக்கிறது. 'மானேஜர் பொருத்தியிருந்தால்' என்று எழுதினால் குற்றச்சாட்டு ஆகிவிடும். ஆகவே மூடியையே எழுவாயாக்கி முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். தமிழுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. 'பொருத்தியிருந்தால்' என்னும் சொல் நானா, நீயா, அவரா என்று காட்டுவதே இல்லை. 'மூடியைப் பொருத்தியிருந்தால் விரல் தப்பியிருக்கும்' என்று நாமும் ஆளைச் சொல்லாமலே பேசிவிடலாம். ஆங்கிலேயர் வேஷம் போட்டு மறைப்பதை நாம் மௌனத்தால் மறைக்கிறோம். ஆகவே இங்கிலீஷை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

சட்டம் எழுதியவர்கள் இந்த ஓட்டையை அறிந்தே இருந்தார்கள். சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-இல், நமது சட்டசபை தொழிற்சாலைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1949 ஏப்ரல் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. அதன் 21-வது பிரிவு, இயந்திரத்தின் அபாயகரமான பாகங்கள் உறுதியான காப்பினால் அடைக்கப்பட வேண்டும் என்றும், இயந்திரம் ஓடும்போது அக்காப்பு அதனிடத்தில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. இங்கேயும் செயப்பாட்டு வினைதான். அடைக்க வேண்டியவர் பெயர் இல்லை. ஆனால் 92-வது பிரிவுக்கு வந்தால், சட்டம் மீறப்படுமாயின் தொழிற்சாலையை வைத்து நடத்துபவரும் மானேஜரும் தனித்தனியே குற்றவாளிகள் ஆவர் என்று ஆளைச் சுட்டிக் காட்டிவிட்டது. அறிவிப்புகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது, தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த பாஷையிலும் இருக்க வேண்டும் என்று 108-வது பிரிவு கூறியது. 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் புதிய சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. எனினும் 92-வது பிரிவு கற்பித்த பாடம் பழசாகிவிடவில்லை: 'பட்டால்' என்று சொல்கிறவர் 'யாரால்' என்பதையும் எங்கேனும் ஓரிடத்தில் சொல்லியாக வேண்டும்.

வெள்ளைக்காரர் 1947-இல் கப்பலேறிவிட்டார். அவருடைய கச்சேரி வாக்கியம் மட்டும் நம் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் நிரந்தர உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நம் பள்ளிக்கூடங்களும் ஒத்தாசை செய்கின்றன. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சியில், 'பை ஸம்ஒன்' என்பதை விட்டுவிடலாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா? எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்று எந்த உபாத்தியாயரும் எனக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை. வீட்டில் குழந்தைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் தாய்மார்கள் அதையும் சேர்த்துச் சொல்லிவைத்தால் நல்லது.

பொன்னேரி தாண்டியதும் அந்த வாலிபர், "இதற்கு இங்கிலீஷிலேயே ஒரு பதில் எழுதித் தருவீர்களா, ஐயா?" என்று கேட்டார். "எழுதலாம், தம்பி. ஆனால் நீளமாக எழுத வேண்டியதில்லை" என்றேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி. காப்பு மூடி யாரால் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தயவு செய்து தெரிவிக்கவும் என்று இன்னொரு வரி. கவரைப்பேட்டை வருவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். அவர் அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். 'பை ஹூம்' என்ற இரண்டு சொற்களின்மேல் விரலை வைத்து, "இதுதானே 'யாரால்'?" என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு இரண்டு கடிதங்களையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கூட்டத்தோடு இறங்கிப் போனார்.