வேடன் கையில் ஏன் வில்?



எங்க ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் 'வள்ளி திருமணம்' நாடகம் உண்டு. நம்ம புதுக்கோட்டைப் பக்கம் நாடகம்னாலே பல பேருக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். இந்த வருஷம் வேடனாக வந்த முருகன் வேஷக்காரர் கையில் வில்லைக் காணோம். பொம்மைத் துப்பாக்கி! மேடை ஏறினதும் 'டுமீல்' என்று ஒரு சத்தம் வேற. பசங்க எல்லாரும் விசில் அடிச்சோம், நானும்தான். பக்கத்தில் பாய் விரிச்சு உட்கார்ந்திருந்த என் அப்பத்தா மட்டும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "துப்பாக்கி வச்சிருக்கவன் எதுக்குடா விடிய விடிய தர்க்கம் பண்ணப் போறான்?" என்று கேட்டுச்சு.

அப்போ சிரிச்சிட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. கதைகளில் வரும் வீரர்கள் ஏன் வில்லையே எடுக்கிறாங்க?

வகுப்பில் கேட்டேன். "அந்தக் காலத்துல ஏதுடா துப்பாக்கி? அதான் வில்லு" என்று ஒரே வரியில் முடிச்சிட்டாங்க. ராமருக்கும் அர்ஜுனனுக்கும் ஏகலைவனுக்கும் அது சரி. 2022-இல் வந்த ஆர்.ஆர்.ஆர். படத்துக்கு? அதில் ராம் துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரர். ஊர் மக்களுக்குத் துப்பாக்கி கொண்டு வந்து சேர்ப்பதுதான் அவர் லட்சியம். கடைசிச் சண்டையில் மட்டும் அவர் கைக்கு வில் வந்துவிடுகிறது. அந்தப் பாத்திரத்துக்கு மூலமான அல்லூரி சீதாராம ராஜுவும் அவரோட ஆட்களும் 1922-இல் காவல் நிலையங்களைத் தாக்கித் துப்பாக்கிகளை எடுத்துப் போனதுதான் வரலாறு. நிஜத்தில் துப்பாக்கி தேடிய வீரருக்குக் கதை வில்லைக் கொடுக்குது. அப்போ 'அந்தக் காலம்' என்ற பதில் போதாது.

'வில்லுக்குத் திறமை வேணும், துப்பாக்கிக்கு வேண்டாம்' என்று சில பேர் சொல்வாங்க. இதிலும் பாதிதான் உண்மை. புறநானூறு 152-ஆம் பாட்டில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போகும். வன்பரணர் பாடியது. அதையே துப்பாக்கி செய்திருந்தால் 'நல்ல துப்பாக்கி' என்றுதான் சொல்லியிருப்போம். ஆனால் 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினாரே, அது திறமை இல்லையா? துப்பாக்கிக்கும் திறமை வேணும். அதனால் இந்தக் காரணமும் போதாது.

என் கருத்து இதுதான். வில் வந்த கதையில் பேச இடம் இருக்கு. எய்தவன் பதில் சொல்லித்தான் ஆகணும்.

கம்பராமாயணத்தில் ராமர் மறைந்து நின்று வாலி மேல் அம்பு விடுறார். வாலி உடனே சாகவில்லை. மார்பில் பாய்ந்த அம்பைப் பிடித்துப் பார்க்கிறான். அதில் ராமன் என்று பேர் இருக்கு! 'இது நியாயமா?' என்று ராமரையே நேருக்கு நேர் கேட்கிறான். மகாபாரதத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்தே தர்மருக்கு அறம் சொல்றார். தசரதர் கதையையும் பாருங்க. இருட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று நினைச்சு அம்பு விட்டார். செத்தது ஒரு முனிவரோட பையன். தெரியாமல் செய்தது என்று கதை அவரை விட்டுவிடவில்லை. பிள்ளையைப் பிரிந்து சாகும்படி சாபம் வாங்கினார். பார்க்காமல் எய்தால் ராஜாவுக்கும் தண்டனை உண்டு என்பது நம்ம கதைகளோட சட்டம்.

இப்போ நம்ம மாவட்டத்துக்கே வருவோம். 2021 டிசம்பர் 30. நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தது. அங்கிருந்து தவறி வந்த ஒரு குண்டு, ஒரு கிலோமீட்டருக்கும் மேலே தாண்டி, வீட்டில் இருந்த ஒரு சிறுவன் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-இல் ஆஸ்பத்திரியில் அவன் இறந்துபோனான். நம்மில் பல பேரைவிடச் சின்னப் பையன். சுட்டவருக்கு அவன் மேல் கோபம் இல்லை, அவன் முகம்கூடத் தெரியாது. அவனும் அவரைப் பார்த்ததில்லை. வாலி மாதிரி பிடித்துப் பார்க்க அந்தக் குண்டில் பேரும் இல்லை. 'ஏன்' என்று கேட்கவும் அவனுக்கு நேரம் இல்லை.

துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லாரும் கெட்டவர் என்று நான் சொல்ல வரலை. நம்ம ஊர்களில் இருந்தும் ராணுவத்துக்குப் போயிருக்காங்க. அவங்க எல்லையில் நிற்பதால்தான் நாம இங்கே நிம்மதியாகப் படிக்கிறோம். வில்லாலும் உயிர் போகும், அதுவும் தெரியும். நான் சொல்வது கதையைப் பற்றி. வீரன் என்று யாரை நாம கொண்டாடுறோம் என்பதைப் பற்றி. எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்து, அவன் கேள்விக்குப் பதில் சொல்றவனைத்தான் நம்ம முன்னோர் வீரன் என்று வைத்தாங்க. அதற்கு வில்தான் தோதாக இருந்தது.

'வள்ளி திருமணம்' நாடகத்தையே எடுத்துக்குங்க. வேடன் மானைத் தேடி வந்ததாகச் சொல்றார். கையில் வில் இருக்கு, ஆனா அதைக் காட்டி வள்ளியை மிரட்டலை. பேசுறார், பாடுறார், வள்ளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிறார். ஆயுதம் வச்சிருக்கவர் வாயால் ஜெயிக்கப் பார்க்கிறார். அந்தத் தர்க்கத்தைக் கேட்கத்தானே ஊரே கண் முழிச்சு உட்கார்ந்திருக்கு! அப்பத்தா கேட்ட கேள்விக்கு அர்த்தம் எனக்கு இப்பத்தான் புரியுது.

அடுத்த வருஷம் நாடகம் பேசப் போகும்போது ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒன்று கேட்கப் போறேன்: "வேடனுக்கு வில்லையே கொடுக்கச் சொல்லுங்க." 'டுமீல்' சத்தத்துக்கு விசில் அடிச்ச நான்தான் இதைக் கேட்கணும்.

உங்க கருத்து வேறயா இருந்தா அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்க. தர்க்கம் பண்ணலாம்!

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்