பேயின் வாசனை

அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், வெஸ்டன் என்று ஒரு சிற்றூர். 1864-ல் திறந்து 1994-ல் மூடப்பட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இருக்கிறது. இம்மாதிரி இடங்களுக்குள் பேய் ஆராய்ச்சிக்காரர்கள் ராத்திரி வேளையில் கருவியும் கையுமாகப் புகுகிறார்கள். ஆளில்லாத அறையில் சுருட்டு வாடை வந்தது, அத்தர் மணத்தது, அழுகல் நாறியது என்கிறார்கள். “காரணம் புலப்படவில்லை, ஆகவே ஆவி!” என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

காரணம் புலப்படாதது ஒன்று; காரணமே இல்லாதது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவருக்கு ஆராய்ச்சி என்ற சொல் எதற்கு?

அணுவளவேனும் சரக்கு மூக்கில் வந்து படாமல் வாடை கிடையாது. புழங்காத கட்டடத்தில், சாக்கடைக் குழாயின் வளைவில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றிப்போகும். அந்தத் தண்ணீர்தான் கதவு. அது போனால் கூமுட்டை நாற்றத்தோடு சாக்கடை வாயு அறைக்குள் வரும். வருஷக்கணக்காகப் புகையிலைப் புகையைக் குடித்த காரையும் மரமும், சூடும் ஈரமும் ஏறுகிறபோது அதைத் திரும்பக் கக்கும். காந்தப் புலத்தை அளக்கிற கருவிக்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் அந்தக் குழாயில் ஊற்றிப் பார்த்தால், எத்தனையோ ஆவிகள் அன்றைக்கே மோட்சம் அடைந்துவிடும்.

மிச்சம் மனசில் இருக்கிறது. எட்வின் ஸ்லாசன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1899-ல் ஒரு சோதனையை எழுதிவைத்தார். வெறும் தண்ணீரைப் பஞ்சில் ஊற்றி, “கடுமையான வாசனை, தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்” என்றார். கூடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தூக்கிவிட்டார்கள்! பிரசங்கம் கேட்க வந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், காசு கொடுத்துப் பயப்பட வந்தவர்களைக் கேட்கவேண்டுமா?

இது வெறும் அறியாமை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். என் கோபம் வேறு.

அந்த ஆஸ்பத்திரி 250 பேருக்கென்று திட்டமிட்டது. நோயாளிக்கு வெளிச்சமும் நல்ல காற்றும் வேண்டும் என்று சொன்ன தாமஸ் கர்க்பிரைட் என்ற வைத்தியரின் முறைப்படி, நீண்ட சிறகுகளாகக் கட்டினார்கள். 1950-களில் அதற்குள் சுமார் 2,400 பேரை அடைத்தார்கள். 1952-ல் வால்ட்டர் ஃப்ரீமன் என்ற டாக்டர், இந்த ஆஸ்பத்திரி உள்பட அம்மாநிலத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில், கண்குழி வழியே கம்பியைச் செலுத்தி மூளையை அறுக்கிற சிகிச்சையை இருநூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்தார்.

பத்துப் பேர் படுக்கிற இடத்தில் கிட்டத்தட்ட நூறு பேர்! அன்றைக்கு அங்கே எழுந்த நாற்றத்தை மோந்து பார்க்க டிக்கெட் வாங்கியவர் யார்?

2007-ல் அதை 15 லட்சம் டாலருக்கு ஏலத்தில் விற்றார்கள். நோயாளிகள் அங்கே சேருமுன்பே கைவிடப்பட்ட ‘ட்ரான்ஸ்-அலகெனி லூனடிக் அசைலம்’ என்ற பழைய பெயரைத் தேடிப் பிடித்துப் பலகையில் ஏற்றினார் புது முதலாளி. ‘ஆஸ்பத்திரி’ என்றால் கூட்டம் வராது. ‘பைத்தியம்’ என்றால் வரும்!

அந்தக் காசில்தான் கட்டடம் நிற்கிறது என்பார்கள். நிற்கட்டும். பகலில் அதன் சரித்திரத்தைச் சொல்லிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதற்குக் காசு வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ராத்திரிச் சமாசாரம் வேறு. அது செத்தவன் நெற்றிக் காசைப் பெயர்க்கிற வேலை. ஆவியின் வாடை என்று சொன்ன மாத்திரத்தில், அதற்கு மனிதர்கள் காரணம் என்ற பேச்சே அடிபட்டுப்போகிறது. பேய்மேல் யார் வழக்குப் போட முடியும்?

வாசனை பிடிக்கிற ஆசை உண்மையானால், இன்று மனநோயாளிகள் படுத்திருக்கிற வார்டுகளுக்குப் போகட்டும். கக்கூஸ் பக்கமும் போகட்டும். அங்கே நாற்றம் அடித்தால் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். பதில் சொல்லவேண்டிய ஆளும் உயிரோடு இருப்பான்.