கூரையும் கைப்பிடிச்சுவரும்



புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. தகரக் கூரையின் கீழ் வசிக்கும் நம்மவர்கள் சிலர் தெர்மாகோல் பலகைகளை வாங்கி உட்புறத்தில் ஒட்டுகிறார்கள். அதில் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுப்பது உண்மையே. 50 மில்லிமீட்டர் பலகை ஒரு மீட்டர் கான்கிரீட்டைவிட அதிகமாய்த் தடுக்கும். ஆனால் அது சுமார் 100 டிகிரியிலேயே இளகும். தீப்பிடித்தால் எரியும் துளிகளாய்ச் சொட்டும். அதன் கரும்புகை மூச்சை அடைக்கும். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள வீட்டில் இது எத்தனை ஆபத்து!

உபாகமம் 22:8-ஐ வாசித்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கு வீட்டைக் கட்டுகிறவனே பொறுப்பாளி என்று கருதியே தேவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கேட்டார்.

கான்கிரீட் மாடியுள்ளவர்கள் பலகையை மாடியின் மேற்புறத்தில் வையுங்கள். முதலில் நீர்க்கசிவைத் தடுத்து, பலகை பரப்பி, சிமெண்டுக் கலவையால் மூடி, வெள்ளை ஓடு பதிக்கலாம். கட்டடம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சே போதுமான தொடக்கம். 2017-இல் அகமதாபாத் நகரம் எளியோர் வீடுகளில் இதைச் செய்தது. உட்புறத்தில் பலகை வேண்டியதானால், ஜிப்சம் பலகையால் இடைவெளியின்றி மூடுங்கள். அடுப்பின் மேலே மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் சபையில் தகரத்தின் கீழ் தனித்திருக்கும் முதியவர் உண்டா? வாலிபர்களே, கோடை வருமுன் ஒரு சனிக்கிழமை காலையில் சென்று அந்தக் கூரைக்கு வெள்ளை பூசிக்கொடுங்கள். தகரத்தை நேராய் மிதியாமல் பலகை போட்டு ஏறுங்கள். அதுவும் ஊழியமே.

கர்த்தர் உங்கள் வீடுகளைக் காப்பாராக. ஆமென்.