விபத்தென்று சொன்னால் வேலை முடிந்ததா?

நமது பேச்சில் குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்களுள் 'எக்ஸிடன்ட்' போல வசதியான சொல் வேறில்லை. பஸ் மோதினாலும் எக்ஸிடன்ட், மதில் சரிந்து கூலியாள் இறந்தாலும் எக்ஸிடன்ட். சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. எழுதும்போது அதையே 'விபத்து' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. வழக்குக்குக் காரணம் எங்கள் குறிஞ்சாக்கேணி.

2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை, பாடசாலைக்குப் போகும் நேரம். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் சனங்கள் மிதப்புப் பாதையில்தான் கரை கடந்தார்கள். அந்தப் பாதை களப்பில் கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் மௌத்தானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். பிந்திய நாட்களில் அத்தொகை மேலும் கூடியது. இன்றுவரை அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'படகுப் பாதை விபத்து'.

கிழக்கிலங்கைக்கு வெளியே உள்ள வாசகருக்கு ஒரு விளக்கம். ஆற்றையும் களப்பையும் கடத்திவிடும் தட்டையான மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றே பெயர். நடப்பதும் பாதை, மிதப்பதும் பாதை. 'பாதை எப்படிக் கவிழும்?' என்று வெளியூரார் கேட்டால் சிரிக்க வேண்டாம். எங்கள் உம்மாமாரும் பாதை கவிழாது என்று நம்பித்தான் பிள்ளைகளுக்குச் சீருடை அணிவித்து அனுப்பினார்கள்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். 'எக்ஸிடன்ட்' என்பதன் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. விழுதலைக் குறிக்கும் வினையோடு ஒரு முன்னொட்டுச் சேர்ந்து 'வந்து விழுதல், நேர்தல்' என்று பொருள் தந்தது. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது நல்லதோ கெட்டதோ, நேர்ந்த எதையும் குறித்தது. தீங்கு என்ற பொருள் பிறகுதான் அதில் அழுத்தம் பெற்றது. தத்துவ நூல்களில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு பொருளின் சாரத்தோடு சேராமல் அதில் வந்து தங்கும் பண்பே அது. நமது கலாம் அறிஞர்கள் 'ஜவ்ஹர்' என்றும் 'அரழ்' என்றும் பிரித்து வாதிட்டார்களே, அந்த 'அரழ்'தான்.

வடமொழியிலிருந்து நாம் எடுத்த 'விபத்து' என்ன சொல்கிறது? அதன் வேரிலும் விழுதல்தான் இருக்கிறது. 'ஆபத்து' அதன் உடன்பிறப்பு. நம் வீடுகளில் புழங்கும் 'முஸீபத்' அரபுச் சொல். அம்பு இலக்கில் படுவதுபோல வந்து தாக்குவது என்ற கருத்து அதன் அடியில் கிடக்கிறது. ஆக மூன்று மொழிகளிலும் ஏதோ ஒன்று வருகிறது, விழுகிறது, தாக்குகிறது. விழவிட்டவர் யார் என்று எந்தச் சொல்லும் சொல்வதில்லை.

ஆங்கிலத்தை ஆள்பவர்களே இந்தச் சொல்லைச் சந்தேகித்து நாளாகிறது. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்று 2001ஆம் ஆண்டிலேயே தன் பக்கங்களில் இதைத் தவிர்க்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே அறியக்கூடியவை, தடுக்கக்கூடியவை என்பதே அதன் நியாயம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2016இல், கவனயீனம் பற்றிய குற்றச்சாட்டு உள்ள இடங்களில் இச்சொல்லைத் தவிர்க்குமாறு தன் செய்தியாளர்களுக்கு வழிகாட்டியது. அது ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகத் தொனிக்கும் என்றது. நாமோ அவர்கள் சந்தேகிக்கும் சொல்லை இன்னும் தலையில் வைத்துச் சுமக்கிறோம்.

'தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, எழுத்தாளன் ஏன் முந்துகிறான்?' என்று கேட்கலாம். நான் முந்தவில்லை. முந்துவது 'விபத்து' என்ற சொல்தான். விசாரணை தொடங்குமுன்பே யார் மீதும் பிழையில்லை என்று அது தீர்ப்பு எழுதிவிடுகிறது. 1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவைகூட அவ்வளவு தாராளமாக இல்லை. தற்செயல் என்று தப்ப விரும்புபவர் உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் நடந்திருக்க வேண்டும் என்கிறது. கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதை அதன் 298ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

'கழா கத்ரைக் கிளறக்கூடாது' என்போருக்கும் ஒரு வார்த்தை. அஜல் அல்லாஹ்வின் கையில் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேட்டதும் உமர் (ரழி) படையோடு திரும்பினார். கத்ரை விட்டு ஓடுகிறீரா என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவருக்கும் தியத்தும் கஃப்பாராவும் உண்டென்று சூரா அந்நிஸா விதிக்கிறது. நோக்கம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று நமது மார்க்கம் சொல்லவில்லை. பிறகு எந்தக் கிதாபைக் காட்டி நம்மை வாய்மூடச் சொல்கிறார்கள்?

2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து கிண்ணியாவை விழுங்கியது. அதை முஸீபத் என்போம். கடலுக்கு எவரும் அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் மிதப்புப் பாதை தானாக முளைத்ததல்ல. அதைக் கட்டியவர் உண்டு, ஓட அனுமதித்தவர் உண்டு, ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் உண்டு. எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்கிட்டது யார்? மிதவைகளைச் சோதித்தது யார்? பாலம் முடியும்வரை பிள்ளைகளுக்கு மாற்றுவழி என்ன என்று யோசித்தது யார்? 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை பாதையிலேயே ஆற்றைக் கடந்த ஊருக்கு, பாதையின் ஆபத்து தெரியாத சங்கதியா? கவிழ்ந்த பிறகு கைதுகள் நடந்தன, ஒரு நிறுவனம் மற்றதைக் கைகாட்டியது. கைகாட்ட ஆள் இருந்தது என்றால், அது வானத்திலிருந்து விழவில்லை என்றுதானே அர்த்தம்?

சொல்லை மாற்றினால் பிள்ளைகள் திரும்பி வருவார்களா? வரமாட்டார்கள். ஆனால் 'விபத்து நடந்தது' என்று படிப்பவர் 'இன்னாலில்லாஹ்' சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். 'பாதை கவிழ்ந்து பிள்ளைகள் இறந்தார்கள்' என்று படிப்பவர் ஏன் கவிழ்ந்தது என்று கேட்பார். பத்திரிகைக்கு எழுதும் நண்பர்களிடமும் நினைவு மலர் போடுபவர்களிடமும் நான் கேட்பது இந்த ஒரு வரியைத்தான். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மிச்சக் கேள்வியைச் சனங்கள் கேட்டுக்கொள்வார்கள்.