கேமராவுக்கும் மாத வாடகையா?

பாலுக்கு மாதக் கணக்கு உண்டு, பேப்பருக்கு உண்டு, கேபிளுக்கு உண்டு, இன்டர்நெட்டுக்கு உண்டு. இப்போது வாசலில் மாட்டும் கேமராவுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும் என்கிறார்கள். பென்ஷனர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் சர்க்கரை, முழங்கால் வலி இவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது அடிபடுவது இந்தக் கேமரா விஷயம்தான். “சார், நீங்க டெலிபோன்ல இருந்தவர். எதை வாங்கலாம், சொல்லுங்க” என்று இந்த மூன்று மாதத்தில் ஐந்து பேராவது கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு மாதக் கட்டணம் இல்லாத கேமராதான் சரி. மாதம் நூறு இருநூறு ரூபாய் கட்டி யாரும் ஏழையாகிவிடப் போவதில்லை. என் காரணம் வேறு.

முப்பத்து நான்கு வருஷம் நான் வேலை பார்த்தது டெலிபோனில். நான் சேர்ந்தபோது அது மத்திய அரசுத் துறை. 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். ஆயிற்று. பெயர் எதுவானாலும் வாடகை வாடகைதான். வாடகை கட்டாதவர் வீட்டில் போன் செத்துப் போகும். ரிசீவரைக் காதில் வைத்ததுமே அது அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் கவுண்டரில் வந்து நிற்பார். மாதக் கட்டணக் கேமராவில் இந்த வசதிகூட இல்லை. சந்தா நின்ற பிறகும் அதன் விளக்கு எரியும். போனில் ஆப்பைத் திறந்தால் வாசல் தெரியும், பால்காரர் வருவது தெரியும், தெரு நாய் படுத்திருப்பது தெரியும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பதிவு மட்டும் நின்றிருக்கும். அது நின்றது என்பது நமக்குத் தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இருக்கிறார். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களே என்று அவள்தான் கேமரா வாங்கி அனுப்பி, சந்தாவைத் தன் கார்டிலேயே போட்டிருந்தாள். நல்ல பெண். கார்டின் காலக்கெடு முடிந்து வங்கி புதுக் கார்டு அனுப்பியது. பழைய கார்டில் ஓடிக்கொண்டிருந்த சந்தா அத்தோடு நின்றது. அதைப் பற்றிய மின்னஞ்சல், அவள் இப்போது திறந்தே பார்க்காத ஒரு பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தால், வாசல் பூட்டு உடைந்து கிடக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டு, அந்த அம்மாளின் வளையல், கொஞ்சம் ரொக்கம் போயிருந்தது. போலீஸ்காரர்கள் வந்து முதலில் கேட்டது, “கேமரா இருக்கே, பதிவைக் காட்டுங்க.” ஆப்பைத் திறந்தால் வாசலில் நின்றுகொண்டிருக்கும் அதே போலீஸ்காரர்கள் பளிச்சென்று தெரிகிறார்கள். முந்தின நாள் ராத்திரி இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை, இரண்டு மாதமாகவே எதுவும் இல்லை. சார் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ரெண்டு வருஷமா வாசல்ல முழிச்சிக்கிட்டே இருந்துச்சு சார். அன்னிக்கு என்ன பார்த்தேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குது.”

அந்த வளையல் அவருடைய மாமியார் போட்டது. அது போனதைவிட, மகள் அங்கே உட்கார்ந்து அழுததுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

இதில் அந்தப் பெண்ணையோ அவரையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதாமாதம் பணம் போனால்தான் வேலை செய்யும் என்ற ஏற்பாடே, கார்டு, ஓடிபி, பாஸ்வேர்டு எல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கும் வயதானவர்களுக்கு ஏற்றதில்லை. அதுதான் என் வாதம்.

பிடித்த படம் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒன்று, இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கணினிக்குப் போகும். ‘கிளவுட்’ என்கிறார்களே, அதுதான். இடம் கம்பெனியுடையது, அதனால் வாடகை. அமெரிக்காவில் என் மகன் வீட்டு வாசலில் இருக்கும் ரிங் அழைப்புமணிக் கேமரா இந்த வகை. சந்தா இல்லாவிட்டால் நேரடியாகப் பார்க்கலாம், பழைய பதிவு கிடைக்காது. இல்லையென்றால் கேமராவுக்குள்ளேயே விரல் நகம் அளவு மெமரி கார்டு ஒன்றைச் செருகி அதில் பதியலாம். அல்லது கடைகளில் வைத்திருப்பார்களே, டிவிஆர் பெட்டி, அதில் ஹார்டு டிஸ்க் போட்டு நாலைந்து கேமராவை ஒயரில் இணைக்கலாம். பின்னே சொன்ன இரண்டிலும் படம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இடம் நம்முடையது. யாருக்கு வாடகை?

“அவ்வளவு சின்ன கார்டில் எவ்வளவு சார் பிடிக்கும்?” என்று சந்தேகப்படுவார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரண வீட்டுக் கேமரா வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 11 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டில் 11 நாள் வரும். படம் இன்னும் தெளிவாக வேண்டும் என்று 2 மெகாபிட் வைத்தால் ஐந்தாறு நாள். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய் என்று வைத்துவிட்டால் நம் தெருவுக்கு அதைவிட எவ்வளவோ அதிக நாள் வரும். கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு மேலே எழுதிக்கொண்டு போகும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். டிவிஆர் என்றால், நான்கு கேமரா, ஆளுக்கு 2 மெகாபிட், நாளுக்கு 86 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 11 நாள். எச்.265 என்று போட்டிருக்கும் பெட்டியானால் படத்தை இன்னும் சுருக்கிப் பதியும், ஏறக்குறைய இரட்டிப்பு நாள் கிடைக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கு இது தாராளம். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறவர்கள் கதை வேறு. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். எந்தக் கேமராவும் இதற்கு ஈடாகாது.

கார்டு வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். போனுக்குப் போடும் சாதாரண கார்டு இரவும் பகலும் எழுதி அழித்து எழுதி அழித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும். ‘எண்டூரன்ஸ்’ என்று பெயரிலேயே எழுதியிருக்கும் கார்டுகள் இதற்கென்றே வருகின்றன. சான்டிஸ்க், சாம்சங் இரண்டிலும் இருக்கிறது. டிவிஆருக்கும் அப்படியே. கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போட்டுத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று கண்காணிப்புக்காகவே செய்தவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் டாப்போ, இமோ, க்யூபோ, சிபி பிளஸ் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் கார்டு போடும் மாடல் உண்டு. இதுதான் ஒசத்தி என்று நான் சொல்லமாட்டேன். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிட்டாலும் பதிவாகுமா?” ஆகும் என்பார். “பிடுங்கிக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். காந்திஜி சாலையில் ஒரு கடையில் நான் இப்படிக் கேட்டதும் அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பிடுங்கினான். ஐந்து நிமிஷம் பொறுத்து மறுபடி செருகி, அந்த ஐந்து நிமிஷமும் கார்டில் பதிவாகியிருந்ததைக் காட்டினான். அங்கேயே வாங்கினேன். ‘மனிதர் வந்தால் மட்டும் எச்சரிக்கை’ என்ற வசதியைச் சில கம்பெனிகள் சந்தாவுக்குள் ஒளித்து வைத்திருக்கின்றன. அதையும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முருங்கை மரம் ஆடும்போதெல்லாம் போன் கத்தும்.

பெட்டியில் ‘ஆன்விஃப்’ என்று இருந்தால் நல்லது. வேறு வேறு கம்பெனிக் கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதற்காக 2008இல் ஏற்படுத்திய பொது முறை அது. எதற்குச் சொல்கிறேன் என்றால், கம்பெனி நாளைக்குக் கடையை மூடினாலும் கேமரா குப்பைக்குப் போகக்கூடாது. டிராப்கேம் என்று அமெரிக்காவில் ஒரு கேமரா சக்கைப்போடு போட்டது. 2014இல் கூகுளின் நெஸ்ட் அதை வாங்கியது. 2024 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அந்தக் கேமராக்களுக்கான சேவையை நிறுத்திவிட்டார்கள். கேமரா பழுதாகவில்லை, கண் தெரிகிறது, ஆனால் படம் போய்ச் சேர இடம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கு இன்னொருவர் மூச்சு விட்டால்தான் உயிர் என்றால் அது எப்படி நம் சாமான்?

எதிர்க்கட்சியின் பேச்சையும் சொல்லத்தான் வேண்டும். “திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போய்விட்டால்? கார்டும் அதோடு போய்விடுமே!” நியாயமான கேள்வி. கிளவுடுக்குச் சாதகமாக இருக்கும் ஒரே வலுவான வாதம் இதுதான். என் பதில்: ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். முடிந்தால் இரண்டாவது கேமரா ஒன்று, முதல் கேமராவைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழே ஷோகேஸில் வைக்காதீர்கள். பரணில் வைக்கலாம், காற்று போக வழி விட்டு. எங்கள் வீட்டில் அது பழைய அண்டாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. இவ்வளவையும் மீறி, ஒதுக்குப்புறமான மனையில் ஒற்றையாகக் கட்டிய வீடு, பக்கத்தில் ஆளே இல்லை என்றால், கார்டும் போட்டு சந்தாவும் கட்டுங்கள். சண்டைக்கு வரமாட்டேன்.

மாட்டின அன்றே செய்ய வேண்டியது, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது. 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றிவிட்டது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவிவிட்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைச் சில மணி நேரம் அமெரிக்காவில் பலர் திறக்க முடியாதபடி செய்தார்கள். வாசலைக் காக்க வைத்த காவல்காரன் ராத்திரியில் ஊரான் வீட்டில் கல்லெறியப் போன கதை. நம் அரசாங்கமும் 2025 ஏப்ரல் முதல் இன்டர்நெட்டில் இணையும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று விதி வைத்திருக்கிறது. பெயர் தெரியாத மலிவுச் சரக்கை ஆன்லைனில் பாதி விலைக்குப் பார்த்து மயங்காதீர்கள்.

இனி எனக்கு முக்கியமான விஷயம். கேமரா வாசலுக்கு, கொல்லைக்கு, மாடிப்படிக்கு. வீட்டுக்குள் வேண்டாம்.

என் மகன் ஹாலில் ஒன்று வை என்றான். “அம்மா விழுந்துட்டா எனக்குத் தெரியணும்பா.” அவன் பயம் எனக்குப் புரிகிறது. பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கிறவனுக்கு வேறு என்ன வழி? ஆனால் என் மனைவி ஒரே நாளில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். கேமரா மேல் ஈரத் துண்டை எடுத்துப் போட்டாள். “நாப்பது வருஷமா இந்த ஹால்ல தலையை விரிச்சுப்போட்டு உக்காந்து வெங்காயம் உரிச்சிருக்கேன். இப்ப யார் பாக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டு உரிக்கணுமா?” என்று கேட்டாள். மகனுக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. இப்போது தினமும் காலை ஏழரை மணிக்கு அவன் போன் செய்கிறான். எடுக்காவிட்டால் எதிர்வீட்டுத் தம்பிக்கு அடிப்பான். ஹால் கேமரா கொல்லைப்புறத்துக்கு மாறிவிட்டது.

வீட்டுக்குள் வைத்தே தீர வேண்டிய வீடுகளும் உண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மறதி நோய் உள்ளவர்கள். அங்கேயாவது அந்தப் படம் கார்டோடு இருக்கட்டும். உடை மாற்றும்போதும் மருந்து கொடுக்கும்போதும் பிடித்த படம், எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாத கணினியில் வாடகைக்குக் கிடக்க வேண்டுமா என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம். கேமராவை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டால் போதாது, வைஃபை பெட்டியையும் போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் போனில் எச்சரிக்கை வராது. அநேகமாக இந்தக் கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைத்தான் பிடிக்கும். இரவில் படம் வெள்ளையாக மங்கினால் பெரும்பாலும் சிலந்தி வலைதான் காரணம். கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மாதக் கடைசியில் பென்ஷன் வந்ததா என்று பாஸ்புக் பதியப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே ஒட்டடைக் கோலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, முந்தின நாள் பதிவு ஓடுகிறதா என்று போனில் ஒரு நிமிஷம் பார்த்துவிடுங்கள்.

தஞ்சாவூரில் இருப்பவர்கள் எங்கள் வீட்டில் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம். நாலு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் நான் தூங்குவதால் கேமரா மட்டும்தான் உங்களை வரவேற்கும்.