கிளிமஞ்சாரோ: நாளைக் குறைக்காதீங்க!

வேலைக்குப் போய் காசு சேர்த்ததும் கிளிமஞ்சாரோ ஏறணும்னு உங்க லிஸ்ட்லயும் இருக்கா? என் லிஸ்ட்ல இருக்கு. உயரம் 5,895 மீட்டர். பலரும் முதல்ல பார்க்கிறது மராங்கு வழி: தங்க மரக்குடில், 5 நாள், செலவும் கம்மி. என் ஓட்டு அதுக்கு இல்லை.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அதற்குப் பழக உடம்புக்கு நாள் வேண்டும். ஜிம் பாடிக்கும் இதே கதைதான். லெமோஷோ வழியில் 8 நாள். சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏறிட்டு, தூங்குறதுக்கு 4,000 மீட்டருக்குக் கீழே பரான்கோ முகாமுக்கு இறங்குவீங்க. அந்த ஏற்ற இறக்கம்தான் உடம்பைப் பழக்குது.

காசு பத்தலையா? ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. தலைவலி, வாந்தியோட அவசரமா மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து.