நம்மவர் என்பது தகுதியாகுமா?



தாம்பரம் மாநகராட்சியின் முதல் மாமன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது. அதன் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் நிறைவுபெறுகிறது. அதன் 70 வார்டுகளில் நம் அனகாபுத்தூரும் அடக்கம். ஜமாஅத் பொறுப்பில் இருப்போரும் மாமன்றத்திற்குப் போட்டியிட முன்வருவர், அதில் தவறில்லை. ஆனால் அவர்களுக்காகப் பள்ளிவாசல் முற்றத்தில் எழும் ஒரே வாதம் "அவர் நம்மவர்" என்பதாக இருந்தால், அதை நாம் ஏற்பதற்கில்லை.

பதவியைக் கேட்டுப் பெற வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதை நம் மதரஸா மாணவர்களும் அறிவர். அவ்வாறாயின் யூஸுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டது எப்படி என்று வகுப்பில் வினவுவோரும் உண்டு. நல்ல வினா. தம் தந்தை நபி, பாட்டனார் நபி என்று அவர்கள் மன்னரிடம் கூறவில்லை. பாதுகாக்கும் திறனையும் அறிவையுமே தகுதியாக முன்வைத்தார்கள். அதற்கும் முன்பு, சிறையிலிருந்து மன்னர் அழைத்தபோது, தம் மீதான பழி விசாரிக்கப்படட்டும் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். இன்றைய வேட்பாளர் சொத்தையும் வழக்குகளையும் எழுதித் தரும் பிரமாணப் பத்திரத்தை நாம் இந்தக் கண்ணோடுதான் வாசிக்க வேண்டும். அக்களஞ்சியத்தை நம்பிப் பசியாறியோரில் பெரும்பாலோர் அவர்களுடைய குலத்தார் அல்லர் என்பதையும் மறக்கலாகாது.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் சென்னை மாநகராட்சியின் 61ஆவது வார்டில் முஸ்லிம் லீகின் ஃபாத்திமா முஸஃப்பர் வென்றார். மர்ஹூம் ஏ.கே. அப்துஸ் ஸமது அவர்களின் மகளான அவர், லீகின் மகளிர் அணியிலும் முஸ்லிம் தனியார் சட்ட வாரியத்திலும் அறியப்பட்டவர். சமுதாய மேடையில் பெற்ற பெயர் ஒருவரை மாமன்ற வாசல் வரை கொண்டுசெல்லும் என்பதற்கு அது சான்று. உள்ளே சென்றபின் அவர் முன் வருவதோ ஷரீஅத் சட்ட வினாக்கள் அல்ல. கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு. அங்கு வாக்களித்தவரும் வாக்களிக்காதவரும் ஒரே குழாயில் நீர் பிடிப்பவர்கள்.

நம் ஊருக்கு வருவோம். அடையாற்றின் கரையில் வாழ்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் உணவுப் பொட்டலம் சுமந்தனர். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆயினும் பொட்டலம் கொடுத்தது ஸதகா. மழைக்கு முன்பே வடிகால் தூர்வாரப்பட்டதா என்று அலுவலகப் படியேறிக் கேட்பதுதான் மாமன்ற உறுப்பினரின் பணி. இரண்டையும் குழப்பிக்கொள்வது நம்மிடையே வாடிக்கையாகிவிட்டது. 2025 மே மாதம் ஆற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது, பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் மாற்று வீட்டுக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் எவர் அலைந்தார்? அக்குடும்பங்கள் எந்த மார்க்கத்தார் என்று பார்க்காமல் அலைந்தாரா?

பள்ளிவாசலுக்கு மாடி எழுப்பியதையும் நோன்புக் கஞ்சி ஏற்பாட்டையும் குடிமைப் பணியாக எண்ணிவிடுகிறோம். அவற்றுக்கான கூலி அல்லாஹ்விடம் உண்டு. அவற்றை வாக்காக மாற்றிக் கேட்பது நமக்கு உறுத்துகிறது. எனினும் கணக்கு என்ற இடத்தில் அவை உதவும். ஜமாஅத் வரவு செலவை ஆண்டுதோறும் எழுதி ஒட்டியவரா, கேட்டவர் மீது சினந்தவரா என்பது மஹல்லாவுக்கே தெரியும்.

பகுதி சபைகளுக்கு அரசு 2022இலேயே விதி வகுத்தது. வேட்பாளர் எத்தனை கூட்டங்களில் அமர்ந்தார், எந்தத் தெருவுக்காகப் பேசினார்? மிம்பரில் எவர் பெயரும் ஒலிக்க வேண்டாம். வழிபாட்டுத் தலத்தில் வாக்குச் சேகரிப்பதைத் தேர்தல் நடத்தை விதிகளும் தடுக்கின்றன. தெருமுனையில், அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களும் உடனிருக்க, இக்கேள்விகளை அவரிடம் கேட்போம், இன்ஷா அல்லாஹ். எதிர்த்து நிற்பவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்போம்.